வானலை யாருடைய சொத்து?

1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்ததைத் தூர்தர்ஷன் ஏகபோகத்தின் உடைவு என்கிறோம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் பலத்தில் ஒளிபரப்பைத் தன் கையில் வைத்திருந்தது அரசு. தனியார் சேனல்கள் வெளிநாட்டிலிருந்தே செயற்கைக்கோளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கோ மொட்டைமாடிக் குடையிலிருந்து தென்னைமரம், மின்கம்பம் என்று தாவி வந்தது கேபிள். நான் அப்போது சிறுபிள்ளை. காசு வாங்க வந்த பையனிடம் அம்மா கேட்டாளாம்: 'ஏம்ப்பா, நம்ம தெரு தண்ணிப் பிரச்சினைய இதுல காட்டுவாங்களா?' அவன் சிரித்தானாம். ஏகபோகம் உடைவதும் ஊடகம் சனநாயகமாவதும் ஒன்றல்ல. 1995 பிப்ரவரி 9இல் உச்சநீதிமன்றம் வானலை பொதுச்சொத்து என்றது. சமூகத்தின் எல்லாத் தரப்பினரையும் கொண்ட தன்னாட்சி அமைப்பு அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது. சரி, அந்த எல்லாத் தரப்பில் அம்மா எங்கே? பார்ப்பவள் இன்னும் பேசுபவளாகவில்லையே.