குழந்தை வாய் வைக்கும் விதம்

குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இரவு. வீரிட்டு அழும் சிசுவை மடியில் ஏந்தியபடி இளந்தாய் செய்வதறியாது இருக்கிறாள். குழந்தை வாய் வைத்ததும் முலைக்காம்பில் ஊசி குத்தினாற்போன்ற நோவு. சிறிது நேரம் சப்பிவிட்டுக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு மீண்டும் அழுகிறது. அழுகை கேட்டு எழுந்து வந்த ஆச்சி, “உனக்குப் பால் காணாது, பிள்ளை” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். விடிந்ததும் கடையிலிருந்து பால்மா வந்து சேரும்.

இத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழையானது. தாயிடம் பால் இருக்கிறது. அதனை எடுக்க இயலாத விதத்திற் குழந்தை வாய் வைத்திருக்கிறது என்பதே பல வேளைகளில் உண்மை. ஆயின் போத்தல் வந்தபின் அத்தீர்ப்பு மெல்ல மெல்ல மெய்யாகிவிடும். எடுக்க எடுக்கச் சுரப்பதும், எடுக்காது விட்டாற் குறைவதும் தாய்ப்பாலின் இயல்பு. முதல் இரண்டு மூன்று நாள்களிற் சுரக்கும் சீம்பால் அளவிற் சிறிதெனினும் அந்நாள்களுக்கு அதுவே போதியது என்பதையும் ஆச்சிமார் மறந்துவிடுகின்றனர்.

நாவின் நுனியால் மேலண்ணத்தைப் பல்லின் வேரிலிருந்து பின்னோக்கித் தடவினால், முதலிற் கடினமான பகுதியும் அதன்பின் மென்மையான பகுதியும் புலப்படும். பாலருந்தும் குழந்தையின் வாயில், காம்பு அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தை அண்மிச் செல்லவேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் அது கடின அண்ணத்துக்கும் நாக்குக்கும் இடையே நசியும். நோவும் வெடிப்பும் அதனால் வருவன. பாலும் சரிவர இறங்காது. காம்புடன் அதனைச் சூழ்ந்த கருவட்டத்திற் பெரும்பகுதியும் வாய்க்குள் அடங்குதல் வேண்டும்.

இதற்கு முதற்படி, குழந்தையை மார்புக்குக் கொண்டுவருதலே. மார்பைக் குழந்தையிடம் கொண்டுசெல்லக் குனிந்தால் தாயின் முதுகு நோகும். குழந்தையின் வயிறு தாயின் உடலோடு ஒட்டியிருக்க, காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில் அமையவேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு விழுங்குவது பெரியவர்களுக்கே கடினமன்றோ? மூக்குக் காம்புக்கு நேரே இருக்கட்டும். காம்பு மேலுதட்டிற் பட்டதும் குழந்தை கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும். அதுவரை பொறுத்திருந்து, திறந்த கணத்தில் நாடி முதலிற் படுமாறு அணைக்கவேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடிந்து, கன்னங்கள் குழியாது உருண்டிருந்து, சில உறிஞ்சல்களுக்கு ஒருமுறை விழுங்கும் ஓசை கேட்டால் யாவும் செம்மையே. நோவு தொடர்ந்தால் இழுத்தெடுக்கலாகாது. சுத்தமான சிறுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்து விடுவித்து, மறுபடி தொடங்கவேண்டும்.

அன்பினாலே செய்யப்படும் இரு பிழைகள் உண்டு. குழந்தையின் பின்தலையைப் பிடித்து மார்பிலே அழுத்துவது ஒன்று; அழுத்தினாற் குழந்தை எதிர்த்துத் தலையைப் பின்னே வளைக்கும். கையைத் தோள்களுக்கும் கழுத்தடிக்கும் தாங்கலாக வைப்பதே தகும். மூச்சுக்கு இடம்விட எண்ணி, மார்பை இரு விரலால் அமுக்குவது மற்றையது. அதனாற் காம்பு வாயிலிருந்து வழுவும். குழந்தையின் இடுப்பைத் தாயின் பக்கம் சற்று நெருக்கினால் மூக்குத் தானே விலகும்.

1990ஆம் ஆண்டில் ரைகார்ட், அலேட் என்னும் இருவர் சுவீடனிற் செய்து வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. பிறந்தவுடன் தாயின் வயிற்றின்மேல் இடையூறின்றி விடப்பட்ட சிசுக்கள் பல, ஒரு மணி நேரத்துக்குள் தாமே ஊர்ந்து சென்று செம்மையாக வாய் வைத்தன. இடையிலே தூக்கிச் செல்லப்பட்டவற்றுள் அவ்வாறு செய்தவை மிகக் குறைவு.

இருக்கும் நிலை தாயின் வசதியைப் பொறுத்தது. சுவரிற் சாய்ந்தோ கதிரையிலோ அமர்ந்து, மடியிலே தலையணை வைத்து ஏந்தலாம். சத்திரசிகிச்சை மூலம் பெற்றவளுக்கும் இரட்டைக் குழந்தைகளின் தாய்க்கும், குழந்தையைக் கக்கத்தின் கீழ் இடுக்கி, கால்கள் பின்னே நீளுமாறு பிடிப்பது உதவும். தையல்மேற் பாரம் விழாது. நன்றாகப் பின்னே சாய்ந்து குழந்தையை மார்பின்மேற் குப்புறக் கிடத்துவதும் முதல் நாள்களுக்கு ஏற்றது. இரவிற் பக்கமாகப் படுத்து ஊட்டலாம். குழந்தையின் முகத்தருகே தலையணையோ தடித்த போர்வையோ இருத்தல் ஆகாது.

பால் போதுமா என்பதை அழுகையைக் கொண்டு அளத்தல் அரிது. ஐந்தாம் நாளுக்குப்பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த நிறையை மீண்டும் எட்டினால் ஐயம் வேண்டா. சிறுநீர் குறைந்து, எழுப்பியும் பாலருந்தாது குழந்தை சோர்ந்து கிடந்தால், தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். இலங்கையில், பிரசவத்துக்குப் பின் முதற் பத்து நாள்களுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவது வழக்கம். அவர் வந்தவேளையில் உறங்கும் குழந்தையை மட்டும் காட்டி அனுப்பிவிடாது, ஒருமுறை அவர் முன்னே பாலூட்டிக் காட்டுவது நலம். ஆச்சியும் அருகிலிருந்து பார்க்கட்டும்.