எரிமலைப் பாறையில் வெந்நீர் எழுதிய வெப்பக் கணக்கு

ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள டெய்கர்ஹோர்னில், கடலோரக் கரும்பாறைகளின் பொந்துகளில் வெள்ளை வெள்ளையாகப் படிகங்கள் பூத்திருக்கின்றன. சியோலைட் எனப்படும் இந்தக் கனிமங்களுக்காகவே 1975இல் அந்த இடம் பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னமானது. சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக்குழம்பு ஆறிப் பாறையானபோது அதில் இந்தப் படிகங்கள் கிடையாது. பின்னாளில் பாறைக்குள் ஊறிய வெந்நீர் உருவாக்கியவை இவை.

பாறையைக் கரைத்துப் பாறையை நிரப்பும் நீர்

எரிமலைக்குழம்பு மேலே வரும்போது அதில் கரைந்திருக்கும் வாயுக்கள் குமிழிகளாகப் பிரிகின்றன. குழம்பு இறுகியதும் குமிழி இருந்த இடம் பொந்தாகிவிடும். அடுத்தடுத்து வெளியேறும் குழம்பு மேலே படியப் படிய, பழைய அடுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் புதைந்துபோகும். விரிசல்கள் வழியே இறங்கும் மழைநீர், அடியில் உள்ள சூட்டை வாங்கிக்கொண்டு பாறைக்குள் சுற்றி வரத் தொடங்கும்.

இந்த வெந்நீருக்கு முதலில் இரையாவது பசால்ட் எனப்படும் இந்தக் கரும்பாறையில் உள்ள எரிமலைக் கண்ணாடி. சட்டென்று ஆறியதால் படிகமாக முடியாமல் போன பகுதி அது, எளிதில் கரையும். ஆலிவின் என்ற கனிமமும் நெடுநாள் தாங்காது. இவையெல்லாம் சிதையும்போது சிலிக்கா, அலுமினியம், கால்சியம், சோடியம் ஆகியவை நீரில் சேர்கின்றன. நீரால் அவற்றை இனியும் கரைத்து வைத்திருக்க முடியாத நிலை வரும்போது, பொந்திலும் விரிசலிலும் புதிய கனிமங்கள் படிகின்றன.

சூட்டுக்கு ஏற்ற கனிமம்

என்ன கனிமம் படியும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது வெப்பநிலைதான். குறைந்த சூட்டில் சாபசைட் போன்ற சியோலைட்டுகளும் ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமமும் உருவாகும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஸ்மெக்டைட் படிப்படியாகக் குளோரைட்டாக மாறுகிறது. சுமார் 230 முதல் 250 டிகிரிக்கு மேல் பச்சை நிற எபிடோட் தோன்றும்.

கிழக்கு ஐஸ்லாந்தை ஆராய்ந்த பிரிட்டன் புவியியலாளர் ஜார்ஜ் வாக்கர், ஆழத்துக்கு ஆழம் சியோலைட் வகைகள் மாறுவதை வரைபடமாக்கி 1960இல் வெளியிட்டார். எரிமலை அடுக்குகள் சாய்ந்து கிடந்தன. கனிம மண்டலங்களோ அவற்றைக் குறுக்கே வெட்டிச் சென்றன. குழம்பு படிந்து அடுக்கான பிறகே கனிமங்கள் வந்தன என்பதற்கு இது சான்று. எந்தக் கனிமம் எந்த உயரத்தில் கிடைக்கிறது என்பதை வைத்து, மேலே அரித்துப்போன பாறையின் கனத்தையும் அவரால் மதிப்பிட முடிந்தது.

இதே அறிவு இன்று புவிவெப்ப மின்நிலையங்களுக்கு உதவுகிறது. ஆழ்துளை போடும்போது மேலே வரும் பாறைத்துகளில் எபிடோட் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் அங்கே நல்ல சூடு இருந்திருக்கிறது. ஆனால், இருந்த சூடு இன்னும் இருக்க வேண்டும் என்பதில்லை. எபிடோட் தென்பட்டும் கிணற்றின் வெப்பமானி குறைவாகக் காட்டினால், அந்தப் பகுதி ஆறத் தொடங்கிவிட்டது என்று பொருள். கனிமம் காட்டுவது அது உருவான காலத்தின் சூட்டை. இன்றைய சூட்டை வெப்பமானிதான் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு சரியாகும்.

கரியமில வாயுவைக் கல்லாக்குதல்

வெந்நீர் விட்டுச்சென்றவற்றில் கால்சைட்டும் ஒன்று. ஒளி இரண்டாகப் பிரிவதை டென்மார்க்கின் ராஸ்முஸ் பார்த்தோலின் 1669இல் விவரித்தது ஐஸ்லாந்தின் தெளிந்த கால்சைட் படிகத்தைக் கொண்டுதான். கால்சைட் உருவாகத் தேவையானவை கால்சியமும் நீரில் கரைந்த கரியமில வாயுவும். பசால்ட்டில் கால்சியம் ஏராளம் என்பதால், வாயுவை மட்டும் நாம் கொடுத்தால் என்ன என்று கேட்டது கார்ப்ஃபிக்ஸ் திட்டம். ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்தி புவிவெப்ப மின்நிலையத்துக்கு அருகே 2012இல் கரியமில வாயுவை நீரில் கரைத்துப் பூமிக்குள் செலுத்தினார்கள். அதில் 95 சதவீதத்துக்கும் மேல் இரண்டே ஆண்டுகளுக்குள் கார்பனேட் கனிமமாகிவிட்டதென 2016இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

எல்லாப் பசால்ட்டும் இதற்குச் சமமாகப் பொருந்தாது. வயதான பாறையில் பொந்துகளைச் சியோலைட்டும் களிமண்ணும் ஏற்கெனவே அடைத்திருக்கும். நீர் ஓட வழியும் புதிய கனிமம் படிய இடமும் குறைவு. அதனால் வெந்நீர் இன்னும் அதிகம் மாற்றாத இளம் பசால்ட்டையே இத்திட்டங்கள் தேடுகின்றன.