சும்மா நடக்க ஒரு மலையா?

வெள்ளிக்கிழமை இரவு மணி எட்டு. ஊரப்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு வாசலில் ஒரே சத்தம்.

கல்லூரியில் படிக்கும் பேத்தி முதுகில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். காலில் கனமான பூட்ஸ். பாட்டி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"எங்கேடி கிளம்பிட்டே?"

"மலைக்குப் பாட்டி."

"என்ன கோயில்?"

"கோயில் இல்லை. சும்மா நடந்துட்டு வரப் போறோம்."

"சும்மா நடக்கவா? நடக்கறதுக்கு ஊரப்பாக்கத்திலே தெருவே இல்லையா?"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேத்தியும் சிரித்தாள். எந்த மலை என்று பாட்டி கேட்டார். "குரங்கணி" என்றாள் பேத்தி. பாட்டியின் முகம் மாறிவிட்டது.

"தீப்பிடிச்சு அத்தனை பொண்ணுங்க செத்தாங்களே, அந்த மலையா?"

அதே மலைதான்.

2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அதிலிருந்து தெற்கே போகும் பஸ்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே புறப்படுகின்றன. வார இறுதியில் அங்கே போய்ப் பாருங்கள். முதுகுப் பையும் பூட்சுமாக இளைஞர்கள் கூட்டம் நிற்கும். பழனிக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் அல்ல. காலையில் ஏறி மாலையில் இறங்கும் மலை நடைக்காரர்கள். பாட்டி கேட்ட கேள்வியை இவர்கள் ஒவ்வொருவரின் வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்டிருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது!

குரங்கணியில் என்ன நடந்தது?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே மலை அடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. அதற்கு மேலே, ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். இந்த மலை வழிகள் உல்லாசத்துக்காகப் போட்டவை அல்ல. தோட்டத் தொழிலாளர்களும் சுமை தூக்குகிறவர்களும் நடந்து நடந்து உண்டானவை.

ஒரு காலத்தில் மூணாறு தேயிலை சிறிய ரயிலில் டாப் ஸ்டேஷன் என்ற மலை உச்சிக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடியே, குரங்கணியை அடுத்த கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிக்குப் போகும். 1924-ல் வந்த பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. கால்நடைப் பாதைகள் மிஞ்சின.

2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. பெரும்பாலோர் பெண்கள். மகளிர் தினத்தை ஒட்டிய மலை நடை அது. அன்று கொழுக்குமலைக்கு ஏறி இரவு தங்கினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இறங்கத் தொடங்கினார்கள். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த மற்றொரு குழுவும் அதே மலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

பிற்பகல் நேரம். ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல். கீழேயிருந்து நெருப்பு வந்தது!

ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். சிலர் புகையில் வழி தெரியாமல் சிக்கினார்கள். முதலில் மேலே ஏறிப் போய்த் தூக்கியவர்கள் யார் தெரியுமா? குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். போர்வையைக் கம்பில் கட்டி, டோலி ஆக்கி, இருட்டில் அந்தக் கரடுமுரடான வழியில் சுமந்து வந்தார்கள். விமானப் படை ஹெலிகாப்டர்களும் வந்தன. தேனியிலும் மதுரையிலும் டாக்டர்கள் போராடினார்கள். அப்படியும் பலர் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரியில் உயிர் விட்டார்கள். மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அப்பொழுதுதான் கல்யாணம் ஆனவர்களும் அதில் உண்டு.

அனுமதி வாங்கிய வழி எது, போன வழி எது என்றெல்லாம் பின்னால் வாதங்கள் எழுந்தன. அரசு விசாரணையும் நடந்தது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

மலை ஏறும் நெருப்பு

அடுப்பில் விறகைச் சாய்த்து வைத்தால் என்ன ஆகும்? அடியில் பற்றிய தீ விறுவிறுவென்று மேலே ஏறும். மலைச் சரிவும் அப்படித்தான். சூடான காற்று மேலே எழும்பி, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. பகலில் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து காற்றும் மேல்நோக்கி வீசும். பிற்பகலில் காய்ந்த சரிவின் நடுவே நிற்பது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

ஆகவே தீ கீழே இருக்கும்போது மேல்நோக்கி ஓடக்கூடாது. நெருப்பை ஜெயிக்கும் கால் யாருக்கும் கிடையாது. பக்கவாட்டில் விலக வேண்டும். புல் இல்லாத பாறை, ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிநிலம் — இவைதான் அடைக்கலம். குறுகிய ஓடைப் பள்ளம் பத்திரம்போலத் தோன்றும். ஆனால் அது புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். நைலான் துணி உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடை மேல்.

தேனிப் பக்கத்து மலை, மழை மறைவுப் பக்கம். அந்தப் பக்கம் கேரளம் பச்சைப் பசேலென்று இருக்கும்போதே இந்தப் பக்கம் புல் காய்ந்து நிற்கும். மாசி, பங்குனி வந்தால் ஒரு பீடித் துண்டு போதும்.

40 வழிகள்

குரங்கணிக்குப் பிறகு மலை நடைக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபர் 24-ந் தேதி, 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 வழிகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. இன்டர்நெட்டில் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு குழுவோடும் வழிகாட்டி வருவார். அவர் காட்டை ஒட்டிய ஊர்களில் பிறந்தவர், பழங்குடியினரும் பலர். குரங்கணியிலிருந்தும் ஒரு வழி இருக்கிறது. பேத்தி போனது அதில்தான்.

தீக் காலத்தில் வழிகளை அடைத்துவிடுகிறார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அடைத்திருந்தார்கள். "லீவு கிடைக்கிறதே அப்பத்தான்!" என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் பூட்டு இருக்கிறது.

கட்டணம் அதிகம் என்பது மற்றொரு குறை. இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது சின்னப் பணம் அல்ல.

பக்கத்திலே ஒரு குகை

இவ்வளவையும் படித்துவிட்டு, "மலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளோடு போகத் திருவள்ளூர் மாவட்டத்தில் குடியம் குகை இருக்கிறது. பூண்டி ஏரிக்கு அருகே, அல்லிக்குழி மலைத் தொடரில். இதுவும் அந்த 40-ல் ஒன்று.

முள் காட்டின் நடுவே ஒற்றையடிப் பாதை. நடந்து போனால் கூழாங்கற்கள் பதிந்த பெரிய பாறை, குடை விரித்த மாதிரி நிற்கிறது. ஆதி மனிதன் கல் ஆயுதம் செய்து வாழ்ந்த பிரதேசம் இது. பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கல் கருவிகள் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள்.

நம்மூர்ப் பெருமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முதல் கல், ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் சில ஸ்டேஷன்கள் தள்ளி உள்ள பல்லாவரத்தில் கிடைத்தது! 1863 மே 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அறிஞர் அதைக் கண்டெடுத்தார். அன்றாடம் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

போகிறவர்கள் விடியற்காலையிலேயே புறப்படுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். மூன்று கிலோ கனம்தான். போகப் போகக் குறைந்துவிடும். புளிச்சோறு, எலுமிச்சம்பழம், கொஞ்சம் உப்பு. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். உச்சி எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும், திரும்பும் நேரம் வந்தால் வழிகாட்டி சொன்னபடி திரும்பிவிட வேண்டும்.

எதிர்வீட்டுக்கு வருவோம். அது தை மாதம். பொங்கல் கழிந்த வாரம். வழி திறந்திருந்தது, மழையில் வளர்ந்த புல்லில் ஈரம் போகவில்லை. வழிகாட்டி கூட வருவார் என்பதையும் பேத்தி பொறுமையாகச் சொன்னாள். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஆளோட பேர் என்ன? போன் நம்பர் என்ன? எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்குவீங்க? எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போ."

பேத்தி எழுதிக் கொடுத்தாள். பாட்டி அதைத் தினக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தார்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நான் அந்த வீட்டுக்குப் போனேன். பாட்டி காலண்டருக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் போன். நாலரைக்கு அது அடித்தது.

"இறங்கிட்டியா?" என்றார் பாட்டி. பிறகு, "சாப்பிட்டியா?"