தலைமாட்டில் ஒரு துப்பாக்கி

2024 நவம்பர் இறுதியில், பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 2025 மே தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் இன்னொரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. அந்த மாதமே சிலர் கைதானார்கள். பல்லடம் கொலைகளிலும் அவர்களுக்குத் தொடர்பு உண்டு என்று போலீஸ் சொன்னது. அப்போது கொங்கு வட்டாரத்தில் எழுந்த குரல்களில் ஒன்று, தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள் என்பது.

அந்தப் பேச்சு பெரம்பலூர் பக்கம் உள்ள எங்கள் வேப்பந்தட்டைக்கு வந்துசேர அதிக நாள் ஆகவில்லை. இங்கேயும் ஊரைவிட்டு விலகிக் காட்டுக்கொட்டகையில் குடியிருக்கிறவர்கள் நிறைய. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம், இல்லாவிட்டால் பருத்தி. பிள்ளைகள் சென்னையில், திருப்பூரில், சிங்கப்பூரில். வீட்டில் இருப்பது இரண்டு கிழங்கள், நாலு மாடு, ஒரு நாய். டீக்கடையில் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தா ஒரு துப்பாக்கி குடுப்பாங்களா? சுடப் போறதில்ல. தலைமாட்டுல கெடந்தா ஒரு தெகிரியந்தானே?"

அவர் பயம் நியாயமானது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாத காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த அறையைப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, கயிற்றுக் கட்டில், கொசுவலை. மணி இரண்டு. கரண்ட் இருக்கலாம், போயிருக்கலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, தற்காப்புக்கென்று சாதாரணக் குடிமகன் கேட்கக்கூடிய துப்பாக்கி, குழல் மட்டுமே 20 அங்குலத்துக்குக் குறையாத நீளத் துப்பாக்கி. ரிவால்வர், பிஸ்டல் வேண்டுமென்றால் தகுந்த காரணம் உண்டு என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். 2016ஆம் ஆண்டின் விதிகள் வந்தபிறகு, உயிருக்கு மிரட்டல் இருக்கிறதா என்று துருவிக் கேட்கிறார்கள். ஆகவே பெரியவருக்குக் கிடைத்தால் கிடைப்பது நீளத் துப்பாக்கிதான். கட்டையும் குழலுமாகச் சேர்ந்தால் கிட்டத்தட்ட மண்வெட்டிக் காம்பு நீளம். அதைக் கொசுவலைக்குள்ளிருந்து எடுத்து, அரைத்தூக்கத்தில், பக்கத்தில் படுத்திருக்கும் வீட்டுக்காரம்மாவைத் தாண்டி வாசல் பக்கம் திருப்ப வேண்டும். வந்தவன் பல நாள் வேவு பார்த்து, நேரம் பார்த்து வந்தவன். விழித்திருப்பவன் அவன், தூங்கி எழுந்தவர் இவர்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பதில் சொல்கிறார்கள். வீட்டுக்குள்ளும் இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு நடமாடுங்கள். அலமாரியில் வைத்தால் குழந்தை எடுக்கும், பெட்டியில் பூட்டினால் அவசரத்துக்கு ஆகாது, உடம்போடு இருந்தால் இரண்டு கவலையும் இல்லை என்பது அவர்கள் வாதம். தர்க்கமாகப் பார்த்தால் மறுக்கக் கடினமான வாதம்தான். ஆனால் அது கைத்துப்பாக்கிக்குச் சொன்ன வாதம். மேல்துண்டும் வேட்டியுமாக மாட்டுக்குத் தீவனம் வைக்கிறவர் இருபது அங்குலக் குழலை எங்கே செருகுவது? பூட்டி வைத்தால் நேரத்துக்கு உதவாது, திறந்து வைத்தால் வீட்டாருக்கே ஆபத்து. இந்த முடிச்சை அவிழ்க்கும் மூன்றாவது வழி நம் காட்டுக்கொட்டகையில் கிடையாது.

இடுப்புக்கு அடக்கமான துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கதை என்ன? இந்தி நடிகர் கோவிந்தா 2024 அக்டோபர் 1 அதிகாலையில், மும்பை ஜுஹுவில் உள்ள தன் வீட்டில், ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் சொந்த ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது வெடித்துக் காலில் குண்டு பாய்ந்தது. லைசென்ஸ் உள்ள ரிவால்வர். திருடன் யாரும் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் கதை இதைவிடக் கொடியது. 2013 பிப்ரவரி 14 அதிகாலை, பிரிட்டோரியாவில் காவலுள்ள குடியிருப்பில் இருந்த தன் வீட்டில், பூட்டிய கழிவறைக் கதவை நோக்கி நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தது அவருடைய காதலி. திருடன் என்று நினைத்துவிட்டேன் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்மானித்தது. உள்ளே இருப்பவர் யாராக இருந்தால் என்ன, கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்து சுட்டாரே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அவர் வாதத்தை அப்படியே நம்புகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நம் வீடுகளில் இரவு இரண்டு மணிக்கு வெளியே போகிறவர், கதவைத் திறக்கிறவர், இருட்டில் தடுமாறுகிறவர் யார்? ஒன்றுக்குப் போகும் மாமியார். சொல்லாமல் கொள்ளாமல் கடைசி பஸ்ஸில் வந்திறங்கிய மகன். கதவு வேறு வேண்டியதில்லை. கீற்றுத் தட்டியை ஊடுருவிக்கொண்டு பால்ரஸ் குண்டு அந்தப் பக்கம் போய்விடும்.

இவை பிரபலங்களின் தனிச் சம்பவங்கள், இதை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்கலாம். சரியான கேள்வி. அமெரிக்காவில் மெம்ஃபிஸ், சியாட்டில், கால்வெஸ்டன் ஆகிய மூன்று நகரங்களில் வீடுகளிலும் வீட்டைச் சுற்றியும் நடந்த 626 துப்பாக்கிச் சம்பவங்களை ஆர்தர் கெல்லர்மேன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். வீட்டுத் துப்பாக்கி தற்காப்புக்காக ஒருமுறை சுடப்பட்டால், அதற்கு எதிரே கைதவறிச் சுட்டது 4, குற்றத் தாக்குதலோ கொலையோ 7, தற்கொலையோ தற்கொலை முயற்சியோ 11. இந்த ஆய்வில் ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கியைக் காட்டிய உடனே ஓடிப்போன திருடன் இந்தக் கணக்கில் வரமாட்டான். ஆனால் பிறகு கலிஃபோர்னியாவில் பெரிய அளவில் நடந்த ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள் கொலையாகும் விகிதம், துப்பாக்கி இல்லாத வீட்டாரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2022இல் வந்த முடிவு இது.

நம் ஊரில் இந்த ஆபத்து பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் துப்பாக்கி குறைவாக இருப்பதுதான். 2016 டிசம்பர் இறுதி நிலவரப்படி நாட்டில் இருந்த சுமார் 33 லட்சத்து 69 ஆயிரம் லைசென்ஸ்களில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்துக்கும் அதிகம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். இந்த நிலைமையைக் கெடுத்துக்கொள்ள ஆசைப்படுவானேன்?

தற்கொலைக் கணக்கில் வந்த அந்த 11 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 'மருந்து' என்றால் மூன்று அர்த்தம். ஆஸ்பத்திரி மருந்து, பருத்திக்கு அடிக்கும் மருந்து, துப்பாக்கியில் கெட்டிக்கும் மருந்து. இரண்டாவது மருந்து எத்தனை வீடுகளில் விளையாடியிருக்கிறது என்பது பருத்தி விளையும் எந்த ஊரிலும் தெரியும். புருசன் பெண்டாட்டி சண்டை, மார்க்குக் குறைந்த பிள்ளை, கடன்காரன் வாசலில் வந்து பேசிய பேச்சு. ஒரு பத்து நிமிட ஆத்திரம், கைக்கெட்டும் தூரத்தில் பாட்டில். இலங்கை இதற்கு ஒரு வழி கண்டது. கொடிய பூச்சிமருந்துகளை 1995 தொடங்கிப் படிப்படியாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கிவிட்டது. மனக்கஷ்டம் ஒன்றும் 70 சதவீதம் குறையவில்லை. கைக்கெட்டியது குறைந்தது, அவ்வளவுதான். மருந்து குடித்தவரைப் பெரம்பலூர் ஜி.எச்.சுக்கு ஏற்றிக்கொண்டு ஓட ஓர் அவகாசமாவது கிடைக்கிறது. துப்பாக்கி பெரும்பாலும் அந்த அவகாசத்தையும் கொடுப்பதில்லை.

லைசென்ஸ் கிடைக்காதவர்கள் நாடும் சரக்கு நாட்டுத் துப்பாக்கி. பச்சைமலை அடிவாரத்தில் இந்தப் பேச்சு புதிதல்ல. எறையூரில் குடியிருப்பு உள்ள நரிக்குறவர்கள் பாட்டன் காலத்தில் அதை வேட்டைக் கருவியாகக் கையாண்டவர்கள். பொருளைப் பற்றித் தெரியாமலே ஆசைப்படுகிறவர்கள் மற்றவர்கள்தான். இது தோட்டாப் போட்டுச் சுடும் துப்பாக்கி அல்ல. குழல் வாய்வழியாகக் கருமருந்து, நார், பால்ரஸ் குண்டு, மறுபடி நார் என்று போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். ஒரு வெடிதான், குறி தப்பினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவரை வந்தவன் காத்திருக்க மாட்டான். இதனால் ஆபத்துக்கு என்று வைத்திருப்பவர் அதை எப்போதும் கெட்டித்தே வைப்பார். கெட்டித்ததைக் காலி செய்ய அவருக்குத் தெரிந்த ஒரே வழி சுடுவது. ஆக அது மாசக்கணக்கில் மூலையில் சாய்ந்தே நிற்கும். ஈரக்காற்றில் மருந்து நமுத்துப்போனால் வேளைக்கு வெடிக்காது. நமுக்காவிட்டால் பொங்கல் லீவுக்கு வந்த பேரன் கையில் வெடிக்கும். சாதாரணக் குழாயில் செய்த குழல் சில சமயம் சுடுகிறவர் முகத்திலேயே பிளக்கும்.

சட்டமும் லேசாக விடாது. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. செய்து கொடுத்தவனுக்கு 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை.

"பன்னிக்குத்தான் வெச்சிருக்கேன்" என்பது வழக்கமான சமாளிப்பு. பயிர்க்காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி லைசென்ஸ் தர ஆயுதச் சட்டத்தில் இடம் இருப்பது உண்மைதான். ஆனால் பன்றியைச் சுட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக அனுமதிக்க வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்றபோதும், சுடுகிறவர் வனத்துறை ஆள் என்றே வைத்தது. சோளக்காட்டில் அசைந்ததைப் பன்றி என்று சுட்டு, விழுந்தது மனிதர் என்ற செய்தி மலையோர மாவட்டங்களிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, லைசென்ஸும் இருக்கிறது, திருடனும் வந்தான், சுட்டும் விட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் வீட்டை உடைத்து நுழைகிறவன் விஷயத்தில் உயிர்போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். களத்துமேட்டில் சின்ன வெங்காய மூட்டையைத் தூக்குகிறவன் விஷயத்தில் நீளாது. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் தற்காப்பு என்று சொல்லிப் பிழைப்பது கடினம். தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது பொது விதி. தற்காப்புக்குத்தான் சுட்டேன் என்று காட்டும் பொறுப்பும் சுட்டவர் தலையில்தான். பஞ்சாபில் 1991இல் நடந்த நிலத்தகராறில் தற்காப்புக்காகச் சுட்ட தர்ஷன் சிங்கை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தற்காப்புக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் முக்கியமான தீர்ப்பு அது. வந்த தேதி 2010 ஜனவரி 15. ஜெயித்தவருக்கே பதினெட்டு வருடம்.

இன்னொன்று. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் பொதுவாக ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். கொள்ளைக்காரன் பேப்பர் படிக்கமாட்டான் என்று யார் சொன்னது?

பெரியவரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. வீட்டில் எத்தனை பவுன் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். முறைத்தார். அந்த முறைப்பில் பதில் இருந்தது. பேங்க் லாக்கருக்குப் போக வேண்டிய நகை அரிசிப்பானையில் இருக்கும்வரை, எந்த ஆயுதமும் அந்த வீட்டுக்குக் காவல் ஆகாது. வெளியே நின்று எரியும் ஒரு விளக்கு, உள்ளே தாழ்ப்பாள் உறுதியான ஓர் அறை, தலைமாட்டில் சார்ஜ் ஏறிய போன், 112 என்ற எண், பக்கத்துக் கொட்டகைக்காரரோடு ஒரு விசில் ஏற்பாடு. தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' செயலி 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. பேரனைக் கூப்பிட்டுப் போனில் ஏற்றிக்கொள்ளலாம். நாய் ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் நல்லது. இவை தவறிப்போய் வெடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

கடைசியாக, ஏற்கெனவே பரண்மேல் தாத்தா காலத்துத் துப்பாக்கி கிடக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸ் காலாவதியாகிவிட்டால், துப்பாக்கியைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21வது பிரிவு. விதியில் சொன்ன கெடுவுக்குள் அதை விற்றால், வரும் பணம் உங்களுக்குத்தான் சேரும். ஆனால் நீங்களே இறக்கித் துடைத்து, துணியில் சுற்றி, டவுன் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கெட்டித்திருக்கிறதா, காலியா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கெட்டித்தவர் இப்போது உயிரோடு இல்லை. ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள், அவர்களே வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.