பாலும் மாவும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச உணவிற் புரதம் அடையும் மாற்றங்கள்

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையிலே குடத்துப் பால் உறையாமையும் உறியிலிருந்த வெண்ணெய் உருகாமையும் வரவிருக்கும் துன்பத்தின் அறிகுறிகளாக அஞ்சப்படுகின்றன. ஆயர் வாழ்வில் உற்பத்தி தவறுவதே தீக்குறியாகக் கொள்ளப்பட்டமை இயல்பேயாம். கண்ணகி வழிபாடும் குளிர்த்திச் சடங்கும் இன்றும் நிலவும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திற் பாலுறைதல் பலரது சீவனோபாயமாகவும் உள்ளது. உறைதல் என்பது புரதத்தில் நிகழும் மாற்றமேயாதலின், சூடும் குளிரும் புரதத்தை யாது செய்கின்றன என்பதை இப்பிரதேசத்து எருமைத் தயிரையும், தாய்மாருக்கு வழங்கப்படும் திரிபோஷா மாவையும் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

புரதம் அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட சங்கிலி. அச்சங்கிலி பலவாறாக மடிந்து கிடப்பது. சூடேறும்போது மடிப்புகள் அவிழ்கின்றன, சங்கிலி அறுவதில்லை. முட்டையின் வெண்கரு ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இறுகத் தொடங்குவது இவ்வாறே. “சூடாக்கினாற் சத்துச் செத்துவிடும்” என்னும் பரவலான எண்ணம் சில உயிர்ச்சத்துகளுக்குப் பொருந்துமேயன்றிப் புரதத்துக்குப் பொருந்தாது. நமது இரைப்பையின் அமிலமும் முதலிற் செய்வது அம்மடிப்புகளை அவிழ்ப்பதேயாகும்.

படுவான்கரையிலே பாலை நன்கு காய்ச்சிய பின்னரே உறையிடுவர். எருமைப் பாலிற் கொழுப்பு ஏறத்தாழ 7 சதவீதமும் புரதம் 4 சதவீதத்துக்குச் சற்று மேலாகவும் உள்ளன. வெப்பம் 80 பாகையைத் தாண்டும்போது, பாலின் தெளிநீரிற் கரைந்துள்ள புரதங்கள் அவிழ்ந்து கேசீன் என்னும் முதன்மைப் புரதத்தோடு பிணைகின்றன. இப்பிணைப்பே நீரைப் பற்றிவைத்து, கத்தியால் வெட்டத்தக்க இறுக்கத்தைத் தயிருக்கு அளிக்கின்றது. மண்சட்டி எஞ்சிய நீரிற் சிறிதை உறிஞ்சிக்கொள்ளும். காய்ச்சிய பால் ஆறுமுன் உறையிட்டாற் பற்றீரியாக்கள் இறந்துவிடும்; மிகவும் ஆறிவிட்டால் அவை மந்தமடையும். இரு நிலையிலும் குடப்பால் உறையாது.

இத்தயிரைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் நிகழ்வது வேறு. நீர் பனிப்பளிங்குகளாகிப் புரத வலையைச் சிதைக்கின்றது. பனி உருகியபின் தயிர் மணல்போற் பிரிந்து, நீர் தனியே நிற்கும். அதனை வாங்குவார் இல்லை. ஆயினும் புரதத்தின் அளவு குறைவதில்லை. பரிமாற்றப் பெறுமதி அழிந்து பயன்பெறுமதி எஞ்சிநிற்கும் இந்நிலைக்கு இதனினும் எளிய உதாரணம் காண்பது அரிது.

இனி மாவுக்கு வருவோம். கெயார் நிறுவனத்தின் உதவியோடு 1973இல் தொடங்கப்பட்ட திரிபோஷாத் திட்டம், சோளமும் சோயா அவரையும் கலந்த மாவைக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறைகுறைந்த குழந்தைகளுக்கும் வழங்குவது. அதன் 50 கிராமில் ஏறத்தாழ 10 கிராம் புரதம் உண்டு. பச்சைச் சோயாவிலே சமிபாட்டு நொதியமான திரிப்சினைத் தடுக்கும் பொருளொன்று உள்ளது. அதனை முடக்குவது வெப்பமே. இவ்வேலை ஆலையிலேயே முடிந்துவிடுவதால், வீட்டில் மாவை மீண்டும் நெடுநேரம் வேகவைக்க வேண்டியதில்லை. சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துச் சுடுநீர் தெளித்து உருண்டை பிடித்தாற் போதும்.

ஆனால் சீனியோடு சேர்த்துச் செந்நிறமாக வறுத்தெடுக்கும்போது இழப்பு நேர்கின்றது. அந்நிறமும் மணமும் சீனி, லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு பிணைவதால் எழுபவை. சோளத்திலும் அரிசியிலும் குறைவாயிருப்பது லைசினே. அதனை ஈடுசெய்யவே சோயா சேர்க்கப்பட்டது. கஞ்சியாகக் காய்ச்சின் இவ்விழப்பு அற்பமே. உருண்டைகளை உறையவைப்பதாற் புரதம் கெடாது. எனினும், தேங்காய்ப்பூ சேர்ந்த உருண்டை பனியுருகிச் சூடேறினால் விரைவிற் பழுதாகும்; நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய 2022 மார்ச்சு இறுதியில் உறைபெட்டியை எவர் நம்பியிருக்க முடியும்? அதே ஆண்டில், அஃபிளாடொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு வரம்புக்குட்பட்ட சோளம் போதியளவு கிடையாமையாற் குழந்தைகளுக்கான திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. இந்நஞ்சு அடுப்புச் சூட்டில் அழிவதில்லை; மாவை மேலும் வேகவைப்பது பரிகாரமாகாது.

அடுப்பினும் உறைபெட்டியினும் பெரிய இழப்பு உடலுக்குள்ளேயே நிகழ்கின்றது. வயிறாரச் சோறில்லாத குழந்தையின் உடல், உண்ட புரதத்தை வளர்ச்சிக்குச் செலவிடாது எரிபொருளாக்கிவிடுகின்றது. உலகப் பட்டினியைப் புரதப் பற்றாக்குறையாக மட்டுமே கண்ட அந்நாளைய சர்வதேசக் கொள்கையை 1974இல் ‘லான்செற்’ இதழில் டொனால்ட் மக்லாரன் கடுமையாகச் சாடியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. குழந்தைக்கென வந்த 50 கிராமை வீட்டிலுள்ள ஐவர் பகிர்ந்துண்டால் ஒருவருக்கு எஞ்சும் புரதம் 2 கிராம். பகிரும் தாயின் அறியாமையை இதற்குக் காரணமாகக் கூறுவோர் அவ்வீட்டு அரிசிப் பானையை நோக்குவதில்லை.

பால் தரும் பிரதேசத்துக்கே புரதமாவு நிவாரணமாக வந்துசேரும் முரண்பாட்டை உற்பத்திச் சாதனங்களின் உடைமையிலிருந்து பிரித்து விளக்கவியலாது. மாடுகளுக்குப் புல் வேண்டும். புல்லுக்கு நிலம் வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளை மீட்டுத் தருமாறு கோரிப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியிலே தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர்.