இடைவெளியும் ஆவணத் தொகுப்பும்: கோப்புறைப் பெயர்கள் குறித்த ஒரு விளக்கம்

தமிழில் ஆய்வேடு எழுதுவோர் கணினியைக் கருவியாகக் கொள்ளும்போது எதிர்நோக்கும் இடர்களுள் ஒன்று, தோற்றத்திற் சிறியதாயினும் விளைவாற் பெரியது. செம்மையாக எழுதப்பட்ட ஆவணம் தொகுக்கப்பட மறுக்கின்றது. கண்முன்னே இருக்கும் கோப்பினைக் ‘காணவில்லை’ எனக் கணினி அறிவிக்கின்றது. கோப்புறையின் பெயர் தமிழில் இருப்பின், பழி உடனடியாகத் தமிழெழுத்தின் மீதே சுமத்தப்படுகின்றது. ஆயின், பல வேளைகளிற் குற்றம் எழுத்தினுடையதன்று; பெயரின் நடுவே விடப்பட்ட இடைவெளியினுடையது. இவ்வேறுபாட்டினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி மாநகரை அடுத்துள்ள மடவளை, ‘மடவளை பசார்’ என இரு சொற்களாகவும் வழங்கப்படுகின்றது. அவ்வூரின் பேச்சுவழக்கினை ஆராயும் மாணவர் ஒருவர் தமது கோப்புறைக்கு அப்பெயரையே இடுகின்றார் எனக் கொள்வோம். மனிதருக்கு இஃது ஓர் ஊரின் பெயர். கட்டளை வரியினை வாசிக்கும் நிரலுக்கோ ‘மடவளை’ ஒன்று, ‘பசார்’ மற்றொன்று. நிரல் ‘மடவளை’ என்பதனை மட்டும் தேடுகின்றது, அப்பெயரில் எதுவும் இல்லை, பிழை தோன்றுகின்றது. மாணவர் பெயரினை உரோம எழுத்தில் ஒரே சொல்லாக மாற்றுகின்றார், வேலை நடந்துவிடுகின்றது. இதிலிருந்து அவர் தமிழே தடையென முடிவுசெய்கின்றார். ஆனால் அவர் ஒரே வேளையில் இரு மாற்றங்களைச் செய்துள்ளார்: எழுத்தினையும் மாற்றினார், இடைவெளியினையும் நீக்கினார். எது பயன் தந்தது என்பதனை இச்சோதனை காட்டமாட்டாது.

இடைவெளி ஏன் தடையாகின்றது என்பதற்கு வரலாற்றிலேயே விடை உண்டு. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவாகத் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையிற் கட்டளையும் அதற்குரிய பெயர்களும் இடைவெளியினாலேயே பிரித்தறியப்பட்டன. தொகுப்பு வேலைகளை ஒழுங்குபடுத்த அங்கு 1976இல் உருவான ‘மேக்’ என்னும் நிரலும் கோப்புப் பெயர்களை இடைவெளிகொண்டே பிரித்தது. டொனால்ட் குனூத் 1978இல் முதன்முதல் வழங்கிய ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு நிரலிலும், கோப்பினை உள்ளீடு செய்யும் கட்டளை இடைவெளி வந்ததும் பெயர் முடிந்ததெனக் கொண்டது. ஆய்வாளர் பெரிதும் பயன்படுத்தும் ‘லாடெக்’ இதன்மேற் கட்டப்பட்டதாகும். பின்னர் 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95, இடைவெளியுடன் கூடிய நீண்ட பெயர்களைப் பொதுமக்களின் வழக்கமாக்கிற்று. பெயரிடுவோரின் வழக்கம் மாறியது. பெயரை வாசிக்கும் கருவிகள் பலவற்றின் விதி மாறவில்லை. இம்முரண்பாடே நாம் காணும் பிழையின் தோற்றுவாய்.

சொல்லைப் பிரிக்கும் சிக்கல் தமிழ் பயில்வோருக்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடிகளிற் சொற்களுக்கிடையே இடம் விடப்படவில்லை. ‘தாமரை’ என்பது ஒன்றாக நின்று பூவினையும், ‘தா மரை’ எனப் பிரிந்து தாவுகின்ற மரையினையும் குறிக்கும். இத்தகையவற்றை நன்னூலார் பொதுமொழி என்பர். எங்கு பிரிப்பது என்பதனைப் பொருளும் இடமும் நோக்கி வாசகன் தீர்மானித்தான். 1887இற் கலித்தொகையினைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரின் உழைப்பிற் பெரும்பங்கு இத்தகைய தீர்மானங்களுக்கே செலவாயிற்று. நிரலோ பொருளை அறியாது. இடம் விட்டால் பிரிக்கும், விடாவிடிற் சேர்க்கும். அதனிடம் உரையாசிரியரின் நுண்மையினை நாம் எதிர்பார்த்தல் இயலாது.

ஆகவே பிழையின் காரணத்தை அறிதற்குப் பின்வரும் முறையினைக் கைக்கொள்ளலாம். வன்தட்டின் மேல்நிலையில் மூன்று கோப்புறைகளை அமைத்தல் வேண்டும். முதலாவதற்கு உரோம எழுத்தில் ஒரு சொற் பெயர். இரண்டாவதற்கு உரோம எழுத்தில் இடைவெளியுள்ள இரு சொற் பெயர். மூன்றாவதற்குத் தமிழில் ஒரு சொற் பெயர். மூலக் கோப்புகளை மட்டும் மூன்றிலும் படியெடுத்து, முந்திய தொகுப்பில் உண்டான துணைக் கோப்புகளை விட்டுவிட்டு, தனித்தனியே தொகுத்தல் வேண்டும். இரண்டாவது மட்டும் தவறின் இடைவெளியே காரணம். மூன்றாவது மட்டும் தவறின் எழுத்தினை அக்கருவி கையாளும் முறையே காரணம். இரண்டும் தவறின் இரு குறைகளும் உள. முதலாவதும் தவறின் ஆவணத்தினுள்ளேயோ மென்பொருளின் நிறுவலிலேயோ பிழையினைத் தேடல் வேண்டும். மூன்றும் நிறைவேறின், பழைய இடத்திலுள்ள மேற்கோப்புறை ஒன்றின் பெயரில் இடைவெளி இருத்தல் கூடும். விண்டோஸில் பயனர் பெயர் இரு சொற்களாயின், அவருடைய கோப்புறையும் அவ்வாறே அமைதல் உண்டு.

பரிகாரம் எளிது. இடைவெளிக்குப் பதிலாகச் சிறுகோடு இடலாம்: ‘மடவளை-பசார்’. அடிக்கோடும் பொருந்தும், ஆயினும் லாடெக்கில் அது கீழெழுத்தினைச் சுட்டும் தனிக்குறியாதலால், கோப்புப் பெயரினை ஆவணத்தினுள் அச்சிட நேர்ந்தால் இடர் தரும். பெயரை மாற்ற இயலாதவிடத்துக் கட்டளை வரியில் முழுப் பாதையினையும் இரட்டை மேற்கோட் குறிகளுள் அடைத்தல் வேண்டும். 2019 ஒக்ரோபரில் வெளிவந்த லாடெக் பதிப்பு, இடைவெளியும் தமிழெழுத்தும் கொண்ட கோப்புப் பெயர்களைக் கையாள்வதிற் பெரிதும் திருந்தியது. 2020 முதல் டெக்கின் உள்ளீட்டுக் கட்டளையும் அடைப்புக்குள் இட்ட பெயரினை ஏற்கின்றது. எனினும் நூற்பட்டியல் ஆக்கும் ‘பிப்டெக்’ போன்ற துணை நிரல்கள் பழைய விதியினையே பின்பற்றுகின்றன. சங்கிலியில் ஒரு கண்ணி பழையதாயினும் தொகுப்பு அங்கே அறுந்துவிடும்.

தமிழெழுத்தால் இடரே விளையாதென நாம் வாதிடவில்லை. ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியினை ஒரே குறியாகவும், ‘ெ’, ‘ா’ என்னும் இரு குறிகளின் சேர்க்கையாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பெயர்களைக் குறிக்குக் குறி ஒப்பிடும் கருவிக்கு வேறு வேறு. இதுவும் ஆராய்ந்து தீர்க்கத்தக்க குறையே.

காரணத்தை ஆராயாது தமிழ்ப் பெயரைக் கைவிடுபவர், அடுத்துத் தமிழிற் குறிப்பெழுதுவதையும், பின் தமிழில் ஆய்வேடு எழுதுவதையும் கைவிடுதல் கூடும். ‘தமிழ் கணினிக்கு ஒவ்வாது’ என்னும் கருத்து இத்தகைய சிறு தோல்விகளின் திரட்சியாகவே வலுப்பெறுகின்றது. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தல் என்னும் அறிவியல் நெறி, ஆய்வேட்டின் உள்ளடக்கத்துக்கு மட்டுமன்றி அதனைத் தாங்கும் கோப்புறைக்கும் உரியதாகும்.