வயிற்றில் பிறந்த இரக்கம்

யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது ஆறுமுக நாவலர் அவருக்குத் துணைநின்றமை நாம் அறிந்ததே. சைவத் தமிழறிஞர் கைபட்ட அந்நூலிலிருந்து ஒரு சொல்லை இன்று நோக்குவோம்.

எபிரேய மொழியில் 'ரெஹெம்' என்றால் கருப்பை. அதனோடு உறவுடைய பன்மை வடிவச் சொல் 'ரஹமீம்'. அதன் பொருளோ இரக்கம். பண்டைப் பாபிலோனியர் வழங்கிய அக்காதிய மொழியில் 'ரேமு' என்ற ஒரே சொல் கருப்பையையும் இரக்கத்தையும் குறித்தது. அரபு மொழியில் 'ரஹிம்' கருப்பை, 'ரஹ்மத்' அருள். முஸ்லிம் மக்கள் இறைவனை ரஹ்மான், ரஹீம் என அழைப்பதும் இவ்வேரிலிருந்தே. நமது 'இரக்கம்' ஒலியால் இவற்றை நெருங்குவது தற்செயல். அது 'இரங்கு' என்னும் தமிழ் வினையடியாகப் பிறந்தது.

சாலொமோன் மன்னனின் தீர்ப்பை நினைவுகூருங்கள். ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கோர, அதனை வாளால் இரண்டாக்குமாறு மன்னன் கட்டளையிடுகிறான். பெற்றவளின் ரஹமீம் கொதிக்கிறது. பிள்ளை பிழைத்தாற் போதுமென மற்றவளுக்கே விட்டுக்கொடுக்கிறாள். பவர் பாதிரியார் குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இங்கே அவள் குடல் துடித்ததாகக் கூறுகிறது. இரக்கம் என்று எழுதியிருந்தால் கருத்து வந்திருக்கும், உடல் வந்திராது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று சொல்லும் நம் தாய்மாருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

யோசேப்பின் கதையில் இதே எபிரேயத் தொடர் ஓர் ஆண்மகனுக்கு வருகிறது. பல்லாண்டுகளின் பின் தம்பி பென்யமீனைக் கண்டதும் அவனது ரஹமீம் கொதிக்கிறது. ஆணுக்குக் கருப்பை ஏது? இருவரும் ராகேல் என்னும் ஒரு தாயின் வயிற்றுப் பிள்ளைகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. தமிழிலே இவ்விடத்தில் 'உள்ளம்' பொங்குகிறது. வயிறு மறைந்து போயிற்றா? இல்லை. அதே வசனத்தில் வரும் 'சகோதரன்' என்ற சொல்லுக்குள் அது இருக்கிறது. வடமொழியில் உதரம் என்பது வயிறு. ஒரே உதரத்தில் உடன்பிறந்தவன் சகோதரன்.

நமது கண்டி மாநகரில் சிங்கள மக்கள் 'சஹோதரயா' என்கின்றனர். நாம் சகோதரன் என்கிறோம். முஸ்லிம்கள் ரஹ்மத் வேண்டித் தொழுகின்றனர். வேரைத் தோண்டினால் மூன்றும் தாய்வயிற்றிலே சென்று முடிகின்றன. 2018 மார்ச்சில் திகனவில் வீடுகளும் கடைகளும் எரிந்த நாட்களிலும் இச்சொற்கள் நம் வாயில் இருக்கவே செய்தன. அவற்றின் பொருளையும் நெஞ்சில் இருத்துவோமாக.